அறுபத்திரண்டு வீட்டு மனை

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குத் தனித் துணை ஆட்சியர் பேட்ரிசியா கலெக்டரிடம் வாக்குக் கொடுத்தார்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன் சார். மன்னார்புரத்துல இடம் ரெடியா இருக்கு. ஜனங்ககிட்டப் பேசி ஒப்புக்கொள்ள வைக்கிறது மட்டும்தான் பாக்கி."

பேட்ரிசியா சொன்னால் முடித்துவிடுவார் என்பது திருச்சி கலெக்டர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கலெக்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஃபைலை மூடி அவர் பக்கமாகத் தள்ளினார்.

1978 ஏப்ரல் மாதம் அது. அதற்கு முந்தைய நவம்பரில் வந்த வெள்ளத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரை இரண்டு மூன்று இடங்களில் அரித்துப் போயிருந்தது. மறுபடி தண்ணீர் வருவதற்குள் கரையை உயர்த்திக் கல் பதிக்க வேண்டும். மே மாதம் வேலை தொடங்கப் போகிறது. ஆனால் அந்தக் கரைச் சரிவிலும் அதன் அடிவாரத்திலும் அறுபத்திரண்டு குடும்பங்கள் குடிசை போட்டுக்கொண்டு இருந்தன. அவர்களுக்கு வீட்டு மனை கொடுத்துக் குடியமர்த்தும் பொறுப்பு பேட்ரிசியாவுடையது. காவிரிக்குத் தெற்கே, ஊரின் மறுகோடியில், மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கர் புறம்போக்கு நிலத்தை மார்ச் மாதத்தில் அவரே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். பலகை மாதிரிச் சமமான இடம். ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மூத்த மகள். பத்தொன்பது வயதில் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி மேலே வந்தவர். அந்த அலுவலகத்தில் அந்தப் பதவியில் இருந்த ஒரே பெண். மனு கொடுக்க வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, மனுவைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் தலை நிமிர்வார். "படிச்சுப் பார்க்கிறேன், போயிட்டு வாங்க" என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

அன்று மனு நாள். பதினோரு மணிக்குக் கொள்ளிடக் கரையிலிருந்து ஒன்பது பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் ரெங்கம்மாள். ஐம்பது வயதிருக்கும். பூக்கட்டிக் கட்டி வலது ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. மனுவில் இரண்டே வரி. பேட்ரிசியா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மன்னார்புரம் ஏன் வேணாம்ங்கிறீங்க?"

"தூரங்கம்மா."

"தூரம்தான். ஆனா சொந்த மனை. பட்டா உங்க கையில இருக்கும். யாரும் எழுப்ப முடியாது. பஸ்ஸும் இருக்கு."

"பஸ் இருக்குங்க. நாங்க விடியக்காலை நாலரைக்குச் சாத்தார வீதியில பூ எடுக்கணும். பஸ்ஸு எத்தனை மணிக்குங்கம்மா?"

பேட்ரிசியாவுக்குத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் போவது அவருக்கு அடிக்கடி நடக்கிற காரியமில்லை. மனுவின் ஓரத்தில் 'முதல் பஸ்?' என்று எழுதிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில நானே அங்க வரேன். எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க."

"எல்லாரும் இருக்க மாட்டாங்கம்மா. வேலைக்குப் போயிருப்பாங்க" என்றாள் ரெங்கம்மாள். "மத்தியானம் வாங்க."

"சரி, மத்தியானம்."

செவ்வாய்க்கிழமை மதியம் ஜீப் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. எதிர்க்கரை வரைக்கும் மணல் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கரைச் சரிவில் கீற்றுக் குடிசைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி நின்றன. சில குடிசைகளின் மண்சுவர் பாதிக்கு மேல் புதிதாக வைத்தது. அங்கே முன்பு இருந்ததை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியதுமே காத்தான் வழி மறித்தான். மாட்டு வண்டியில் மணலும் கல்லும் அடிக்கிறவன். குரலே ஓங்கித்தான் வரும்.

"போன மாசம் ஒரு ஆபீசர் வந்தாரு. பேரு எழுதிட்டுப் போனாரு. அதுக்கு முந்தின மாசம் ஒருத்தர் வந்து தலையை எண்ணிட்டுப் போனாரு. நீங்க என்ன எண்ணப் போறீங்க?"

"பேரு என்கிட்ட இருக்கு. தலையும் எண்ணியாச்சு" என்றார் பேட்ரிசியா. "ஒவ்வொரு வீட்லயும் யாரு எங்க வேலைக்குப் போறாங்க, எத்தனை மணிக்குப் போறாங்க, அதைச் சொல்லுங்க. அதை யாரும் எழுதலை."

காத்தான் வழி விட்டான். முதல் குடிசையிலிருந்து அவனே கூட வந்தான்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. பேட்ரிசியா எழுத்தரை எழுதச் சொல்லவில்லை, தானே எழுதினார். பதினெட்டு வீடுகளில் பூ. பத்து வீட்டு ஆண்கள் வாழைத் தோட்டங்களில். எட்டுப் பேர் வண்டி அடிக்கிறவர்கள். பொன்னுத்தாய் என்று ஒருத்தி, ஸ்ரீரங்கம் கோவிலைச் சுற்றிய உத்தர வீதியில் நான்கு வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவள். அவளைப் போலவே இன்னும் பதினைந்து பெண்கள் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வாசல் தெளித்துப் பாத்திரம் தேய்த்தார்கள். எல்லாமே நடந்து போகிற தூரம். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

கிளம்பும்போது ரெங்கம்மாளிடம் சொன்னார்:

"முதல் பஸ் அஞ்சு இருபதுக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாறணும். விசாரிச்சுட்டேன். நாலு மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லிக் கேட்கிறேன்."

"விடுவாங்களா?"

"விட வைக்கிறேன்."

ரெங்கம்மாள் மடியிலிருந்த வாழை நாரை விரலில் சுற்றிக்கொண்டே, "ஒரு மாசம் விடுவாங்க. அப்புறம் கூட்டமில்லேன்னு நிறுத்திடுவாங்க. பூ காத்திருக்காதுங்கம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னாள்.

ஜீப்பில் திரும்பி வரும்போது பேட்ரிசியாவுக்கு அந்தப் பேச்சு உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் தூரம் என்பது ஒரு கஷ்டம், அவ்வளவுதான். ஆற்றோடு போவதைவிடப் பஸ்ஸில் போவது மேல். மன்னார்புரம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு உத்தர வீதியில் ஒரு வீட்டுக் கூடத்தில் கூட்டம். வீதிவாசிகள் சங்கம் கூட்டியது. சங்கத்தின் தலைவர் அழகியமணவாளன் ரயில்வேயில் ஆபீஸ் சூப்பரின்டென்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பளிச்சென்று திருமண் இட்டு, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தோடு எழுந்து நின்று மனுவை வாசித்தார். சங்கத்து அங்கத்தினர்கள் பதினான்கு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்கள்.

"பெருமாள் கிருபையாலே தாங்கள் இந்தக் காரியத்தை எடுத்துண்டிருக்கேள். அந்தக் குடிசைகளை அப்புறப்படுத்தறது ஷேத்திரத்துக்கே பெரிய கைங்கர்யம். சங்கத்தோட பிரார்த்தனை ஒண்ணே ஒண்ணுதான். அவாளை ரெண்டு ஆத்துக்கும் நடுவிலே இந்தத் தீவிலே எங்கேயும் மறுபடி குடிவைக்கப்படாது. மன்னார்புரம் உத்தமம்."

பேட்ரிசியாவுக்கு இது சாதகமான மனு. தன் பக்கம் ஒரு சங்கமே நிற்கிறது. வாங்கிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் வழக்கம்போல மனுவை ஒருமுறை முழுவதும் படித்தார். அவர் படித்துக்கொண்டிருக்கும்போது, காபித் தட்டோடு உள்ளேயிருந்து வந்த அழகியமணவாளனின் மனைவி கோமளவல்லி தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"கோமளம், சங்கக் கூட்டம் நடக்கறது" என்றார் அழகியமணவாளன்.

"நடக்கட்டும். என் ஆத்துலதானே நடக்கறது." கோமளவல்லி பேட்ரிசியாவைப் பார்த்தே பேசினார். "பொன்னுத்தாய்னு ஒருத்தி. நேத்திக்கு அவ பேரையும் எழுதிண்டு போனேளாம், சொன்னா. பக்கத்தாத்து மாமி ஒன்றரை வருஷமா படுத்த படுக்கை. காத்தால அஞ்சு மணிக்கு வந்து அந்த மாமியைத் தூக்கி உட்கார்த்தி, உடம்பு துடைச்சு, புடவை மாத்திவிடறது அவதான். புள்ளை பம்பாய்ல இருக்கான். பொன்னுத்தாய் மன்னார்புரத்துலேர்ந்து எத்தனை மணிக்கு வருவா?"

"ஆறரை ஆகும்" என்றார் பேட்ரிசியா. இப்போது அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

"ஆறரை வரைக்கும் மாமி அப்படியே கிடக்கணும். இல்லேன்னா சங்கத்துலேர்ந்து யாராவது அஞ்சு மணிக்கு வரட்டும். யார் வரேள்?"

பதினான்கு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "அது வேற விஷயம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"வேற விஷயமில்லை, இதே விஷயந்தான்" என்றார் கோமளவல்லி. "துளசியும் பூவும் அவா கையால வரலாம், அவா மட்டும் இங்கே இருக்கப்படாதுன்னா அது என்ன நியாயம்? பெருமாள் கேட்டா என்ன சொல்வேள்?"

பேட்ரிசியா காபியைக் குடித்து முடித்தார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சங்கத்தோட மனுவை வாங்கிக்கிறேன். அம்மா சொன்னதையும் குறிச்சுக்கிறேன். ரெண்டும் கலெக்டர்கிட்டப் போகும். சனிக்கிழமை கலெக்டர் ஹால்ல கூட்டம் வைக்கிறோம், நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்றார்.

"ரெண்டு பேருமா?" என்றார் அழகியமணவாளன்.

"ரெண்டு பேரும்தான் சார்."

வியாழக்கிழமை மன்னார்புரம். அங்கே எதிர்ப்பு இருக்கும் என்று பேட்ரிசியா எதிர்பார்த்துத்தான் போனார். கத்தோலிக்கப் பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்து வராந்தாவில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கோவில் கமிட்டிச் செயலாளர் இருதயநாதன், ஓய்வு பெற்ற வாத்தியார், எழுந்து பேசினார்.

"வந்திருக்கிறது யாரு? நம்ம பொண்ணு. பொன்மலைக் கோயில் பாட்டுக் குழுவுல இவங்க அம்மா பாடினதை நான் கேட்டிருக்கேன். நமக்கு எதிரா இவங்க எதுவும் செய்ய மாட்டாங்க. நம்ம பிள்ளைங்க விளையாடற இடம் அது. நம்ம பொண்ணு அதை நமக்கே விட்டுக் கொடுக்கும்."

கைதட்டல் ஓயும் வரை பேட்ரிசியா காத்திருந்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை கோயில்ல என்னைப் பார்த்தீங்கன்னா அம்மா பேரைச் சொல்லுங்க, சந்தோஷப்படுவேன். இன்னிக்கு வியாழக்கிழமை. மனுவைச் சொல்லுங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். இருதயநாதனும் சிரிக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு மைதானம், கோவில் திருவிழாக் கடைகள் என்று அவர் வரிசையாகச் சொன்னார். பேட்ரிசியா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். மைதானத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இடம் இருக்கிறது, திருவிழா வருஷத்துக்கு நாலு நாள்தான், வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு வருஷம் முழுக்க வீடு வேண்டும். பேசப்பேசக் கூட்டத்தின் சத்தம் குறைந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது பின்வரிசையிலிருந்து நஜிமுதீன் எழுந்தார். லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அந்தப் புறம்போக்கை ஒட்டியே அவருடைய கிடங்கு.

"மேடம், இவங்க சொல்ற மைதானம், திருவிழா எல்லாம் இருக்கட்டும். அந்த ஜனங்க வரக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. அல்லாஹ் கொடுத்த பூமி, யாரு வந்தா என்ன. நீங்க ஒரே ஒரு சுவரைப் பார்த்துட்டுப் பேசுங்க. அஞ்சு நிமிஷம்."

"எந்தச் சுவர்?"

"என் கிடங்குச் சுவர்."

எல்லோரும் கூடவே நடந்தார்கள். கிடங்கின் பின்பக்கச் சுவரில், தரையிலிருந்து பேட்ரிசியாவின் இடுப்பளவு உயரத்தில், காவி நிறத்தில் ஒரு கோடு நீளமாக ஓடியது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உப்பி உதிர்ந்திருந்தது.

"இது போன நவம்பர் வெள்ளம்" என்றார் நஜிமுதீன். "என் கிடங்குத் தரை அந்த நிலத்தைவிட ரெண்டடி உயரம். அப்ப அங்க எவ்வளவு நின்னிருக்கும்னு நீங்களே பார்த்துக்குங்க. பழைய வாய்க்கால் ஒண்ணு அது வழியாத்தான் போச்சு. தூர்ந்து சமமாயிடுச்சு. தண்ணிக்கு மட்டும் வழி ஞாபகம் இருக்கு. வெள்ளத்துல தப்பிச்சவங்களைக் கொண்டாந்து திரும்ப வெள்ளத்துலயேவா வைக்கப் போறீங்க?"

பேட்ரிசியா அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மார்ச் மாதத்தில் வந்தபோது புழுதி பறந்தது. சர்வேயரைக் கேட்டார், வரைபடத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகை மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட இடம் தண்ணீர் தேங்கும் தட்டு மாதிரி இருந்திருக்கிறது.

அவர் திரும்பி, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்த இடம் கூடாது. இதைத் தேர்ந்தெடுத்தது நான். தப்பு என்னுது."

இருதயநாதன் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் சொன்னேனே, நம்ம பொண்ணு..."

"சந்தோஷப்படாதீங்க சார். அறுபத்திரண்டு குடும்பத்துக்கு இப்ப இடமே இல்லை. சனிக்கிழமை கூட்டத்துல கலெக்டருக்கு நான் பதில் சொல்லணும்."

கூப்பிய கையை அவர் மெல்ல இறக்கிக்கொண்டார். "ஏதாவது செய்யணும்னா சொல்லுங்க. சனிக்கிழமை நானும் வரேன்" என்றார். இந்தத் தடவை நம்ம பொண்ணு என்று சொல்லவில்லை.

ஜீப்பில் ஏறியதும் டிரைவர், "ஆபீசுக்குத்தானே மேடம்?" என்று கேட்டார். பேட்ரிசியா கொஞ்சம் யோசித்தார். வேறு இடம் தேட வேண்டும் என்றால் மறுபடி வரைபடத்தை விரிக்க வேண்டும். ஆனால் தண்ணீர் எங்கே வந்தது என்று சுவர் சொன்னதை வரைபடம் சொல்லவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே வரவில்லை என்பதை மட்டும் எப்படிச் சொல்லும்?

"இல்ல. கொள்ளிடக் கரைக்குப் போங்க."

போய்ச் சேரும்போது ஐந்தரை மணி. வெயில் சாய்ந்திருந்தது. ரெங்கம்மாள் குடிசை வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தாள். பேட்ரிசியா நின்றபடியே கேட்டார்:

"வெள்ளம் வந்தப்ப நீங்கள்லாம் எங்க போய் நின்னீங்க?"

ரெங்கம்மாள் கையை நீட்டிக் கிழக்கே காட்டினாள். பக்கத்துக் குடிசை வாசலில் இருந்த பொன்னுத்தாயும் அதே பக்கம் காட்டினாள். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த காத்தான், "ஜல்லிக் கிடங்குலதான்" என்றான்.

பத்து நிமிடம் நடந்தார்கள். தென்னந்தோப்பைத் தாண்டியதும் துருப்பிடித்த இரும்புக் கேட். உள்ளே உடைந்த ரோடு ரோலர் ஒன்று, காலித் தார் டிரம்கள், சீமைக்கருவேல். கரை வேலையை எடுத்திருக்கும் துறைக்குச் சொந்தமான இடம். எப்போதோ ஜல்லி குவித்து வைத்திருந்தார்கள், ஏழெட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. தோப்பிலிருந்து ஏறி வரும்போதே மேடு என்பது கால்களுக்குத் தெரிந்தது. மூன்றரை ஏக்கர் இருக்கும்.

"ரெண்டு நாளு இங்கதாங்கம்மா இருந்தோம்" என்றாள் ரெங்கம்மாள். "ஆடு, மாடு, நாங்க எல்லாரும். உத்தர வீதிக்காரங்கள்ல நாலு வீடும் இங்கதான் வந்து நின்னாங்க. சுத்தி அவ்வளவும் தண்ணி. இங்க ஒரு சொட்டு ஏறலை."

"திங்கட்கிழமையே இதை ஏன் சொல்லலை?"

"நீங்க மன்னார்புரம் ஏன் வேணாம்னுதானே கேட்டீங்க?"

பேட்ரிசியா சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சர்வேயர் வந்து மட்டக்கருவி வைத்துப் பார்த்தார். போன வெள்ளத்தின் உச்ச மட்டத்தைவிட மேடு ஐந்தடி உயரம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேட்ரிசியா நேரே அந்தத் துறையின் பொறியாளரைப் பார்க்கப் போனார். பொறியாளர் மரியாதையாக உட்கார வைத்தார், மரியாதையாகவே மறுத்தார்.

"எட்டு வருஷம் சும்மா இருந்தது வாஸ்தவம் மேடம். ஆனா அடுத்த மாசம் கரை வேலை ஆரம்பிக்குது. மூவாயிரம் லோடு கல் வருது. அதை எங்கே கொட்டறது? அந்தக் கிடங்கு ஒண்ணுதான் இருக்கு. கிடங்கை உங்களுக்குக் கொடுத்துட்டா கரை வேலை நிக்கும். கரை நின்னா அந்த ஜனங்களை எழுப்பறதே அர்த்தமில்லாமப் போயிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேட்ரிசியா வாதாடிப் பார்த்தார். வேறு கிடங்கு ஏதாவது? இல்லை. பாதி இடம்? போதாது. கடைசியில் எழுந்து, "நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குக் கலெக்டர் ஹாலுக்கு வந்துடுங்க சார். இதையே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேன். ஆனா என் பதில் மாறாது."

"மாற வேணாம். வாங்க."

என்ன நம்பிக்கையில் கூப்பிட்டார் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த வாரம் தனக்குத் தெரியாத ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் இதுவும் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

சனிக்கிழமை பதினோரு மணி. ஹாலில் ஒரு பக்கம் கொள்ளிடக் கரைக்காரர்கள். ரெங்கம்மாள் முதல் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். காத்தான் உட்காராமல் தூணோரம் நின்றான். எதிர்ப்பக்கம் அழகியமணவாளன், கோமளவல்லி, சங்கத்தார் ஐந்தாறு பேர். நடுவில் இருதயநாதனும் நஜிமுதீனும். பொறியாளர் ஒரு ஃபைலோடு தனியாக.

பேட்ரிசியா எழுந்து எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். மன்னார்புரம் இடம் வெள்ளத்தில் முழுகுகிறது, அதைத் தேர்ந்தெடுத்தது தன் பிழை, அதற்குப் பதிலாக ஜல்லிக் கிடங்கு மேட்டைத் தர வேண்டும்.

கலெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "திங்கட்கிழமை மன்னார்புரம்னு சொன்னீங்க. சனிக்கிழமை முடிச்சுடறேன்னு சொன்னீங்க."

"இன்னிக்கு சனிக்கிழமை சார். முடிச்சுடுவோம். இடம்தான் வேற."

பொறியாளர் எழுந்து முந்தைய நாள் சொன்னதையே சொன்னார். மூவாயிரம் லோடு கல். கொட்ட வேறு இடமில்லை. கலெக்டர் பேனாவை மூடினார்.

தூணோரத்திலிருந்து காத்தானின் குரல் வந்தது.

"ஐயா, எனக்கு ஒண்ணு புரியலீங்க. அந்தக் கல்லு எதுக்கு?"

"கரைக்கு" என்றார் பொறியாளர்.

"கரைக்குத்தானே? அப்ப லாரியில கொண்டாந்து கிடங்குல இறக்கி, அதை மறுபடி எங்க வண்டியில ஏத்தி, தோப்பைச் சுத்திக் கரைக்குக் கொண்டாந்து மறுபடி இறக்கணும். வண்டிக்காரன் எனக்கு ரெண்டு வேலை, லாபந்தான். ஆனா நாங்க அங்கேர்ந்து எந்திரிச்சிட்டா எங்க குடிசை இருந்த இடம் பூராவும் காலியாத்தானே கிடக்கும்? கரையை ஒட்டியே இருக்கு. லாரியும் வந்து திரும்பும். நேரா அங்கயே கொட்டிக்கலாமே. நாங்க மேட்டுக்குப் போறோம், கல்லு எங்க இடத்துக்கு வரட்டும்."

பொறியாளர் ஃபைலிலிருந்து வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்து, விரலால் கரையோரத்தை அளந்தார். குடிசைகளைக் குடிசைகளாகவே பார்த்துப் பழகியதால், அவை போன பிறகு அங்கே ஒரு இடம் மிஞ்சும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, பேட்ரிசியாவுக்கும் தோன்றவில்லை.

"லாரி திரும்ப அறுபதடி வேணும்" என்றார், தனக்குத்தானே பேசுவது போல.

"எண்பதடி இருக்குங்க. நான் வண்டி திருப்பற இடம்" என்றான் காத்தான்.

பொறியாளர் நிமிர்ந்தார். "முடியும் சார்" என்று கலெக்டரிடம் சொன்னார். "எங்களுக்கு இது இன்னும் சௌகரியம். ஆனா குடிசைங்க முதல்ல காலியாகணும்."

"மேடு கொடுத்த அன்னிக்கே காலி பண்றோம்" என்றாள் ரெங்கம்மாள்.

சங்கத்தார் பக்கம் சலசலப்பு எழுந்தது. தீவுக்குள் கூடாது என்பது தீர்மானம் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். அழகியமணவாளன் எழுந்தார். எதிரே இருந்தவர்களை முதல் தடவையாக முகம் முகமாகப் பார்த்தார். பொன்னுத்தாய் அவரைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

"உட்காரும்மா" என்றார் அவர். பிறகு கலெக்டரிடம், "சங்கத்தோட தீர்மானம் மனுவிலே இருக்கு. அதை நான் மறைக்கலை. என் அபிப்ராயம் வேறே. வெள்ளத்தன்னிக்கு அந்த மேட்டிலே நானும் நின்னேன். ரெண்டு நாள். அப்போ யாரும் என்னைத் தள்ளி நில்லுன்னு சொல்லலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோமளவல்லி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்குக் கலெக்டர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் அத்துடன் சுமுகமாக முடிந்துவிடவில்லை. சங்கத்தில் மூன்று பேர் சென்னைக்குத் தந்தி அடித்தார்கள். நிலத்தைத் துறை மாற்றி எழுத ஐந்து வாரம் பிடித்தது. அதற்காகப் பேட்ரிசியா இரண்டு தடவை சென்னைக்குப் போய்க் காலை முதல் மாலை வரை காத்திருந்து, ஃபைலோடுதான் ரயில் ஏறினார். சீமைக்கருவேலை வெட்ட நஜிமுதீன் லாரி கொடுத்தார். இருதயநாதன் மன்னார்புரத்திலிருந்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்; பூசை முடிந்து நேராக வந்தவர்கள், சாயங்காலம் வரைக்கும் வேர் பறித்தார்கள்.

மே மாதக் கடைசியில் மனைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ரெங்கம்மாளுக்குப் பதினேழாம் எண். கிழக்குப் பார்த்த மனை. பட்டாவை வாங்கி, எழுதியிருந்த பெயரை வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு மனை எல்லையாகப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குள் இறங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடி அடியாக வைத்து அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

பேட்ரிசியா மனைக்குள் ஒரு மூலையில் நின்று, பக்கத்து மனைக்காரரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் மூன்று செங்கல்லைச் சுமந்துகொண்டு அவரிடம் வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுப்பு அங்கதான் வரணும்."

தனித் துணை ஆட்சியர் தள்ளி நின்றார்.